செர்பியர் குடிவழி ஆராய்ச்சி

தம் குடியின் முன்னோர் யாவர், அவர் எவ்விடத்தினின்று வந்தனர், யாது தொழில் செய்து வாழ்ந்தனர் என அறிய விழைதல் மக்கட்கு இயல்பாம். அரசர் குடிக்குக் கல்வெட்டும் செப்பேடும் உள. புலவர் பாடலும் உண்டு. ஏர் உழுதும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த எளியோர் குடிக்கு இவை இல. எனின், எளியோர் பெயர்கள் அடியோடு அழிந்தொழிந்தனவோ? இல்லை. வரி தண்டுவோன் கணக்கிலும், குருவானவர் ஏட்டிலும், கல்லறைக் கல்லிலும், வீட்டு முதியோர் நாவிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்துக் கோவைப்படுத்துதலே குடிவழி ஆராய்ச்சி எனப்படும். இவ்வாராய்ச்சி செர்பிய மக்களிடையே எவ்வாறு நிகழ்கின்றது, அதன்கண் உள்ள இடர்கள் யாவை, அதனால் வெளிப்படும் உண்மை யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

செர்பியர் ஐரோப்பாவின் தென்கிழக்கில் பால்கன் தீபகற்பத்தில் வாழும் ஸ்லாவிய இனத்தார்; ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சார்ந்தோர். 1389-ஆம் ஆண்டில் கொசோவோச் சமவெளியில் துருக்கியரோடு பெரும்போர் நிகழ்ந்தது. 1459-இல் ஸ்மெதெரெவோக் கோட்டை வீழ, அவர்தம் பழைய அரசு முடிவுற்றது. அதன்பின் அம்மக்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்தாரல்லர். 1690-ஆம் ஆண்டில் திருச்சபையின் தலைமைப் பிதாவாகிய மூன்றாம் ஆர்சேனியே என்பார் பெருந்திரளான குடும்பங்களுடன் வடக்கே சென்று ஆஸ்திரியப் பேரரசனின் ஆட்சிக்குட்பட்ட அங்கேரி நாட்டிற் புகலடைந்தனர். ஹெர்ஸெகோவினா, மொந்தெநேக்ரோ மலைகளினின்று வேறு பல குடிகள் இறங்கி, நடு நாட்டுக் காடுகளை வெட்டித் திருத்திக் குடியேறின. எனவே ஒரே குடும்பத்தின் பேரன் பிறந்த ஊர் ஓர் அரசிலும், பாட்டன் கல்லறை மற்றோர் அரசிலும், பூட்டன் உழுத நிலம் வேறோர் அரசிலும் இருத்தல் கூடும். ஆவணங்களும் அவ்வாறே சிதறிக் கிடக்கின்றன. ஆராய்வோன் எதிர்ப்படும் முதல் இடர் இதுவே.

இரண்டாம் இடர் பெயரைப் பற்றியது. செர்பியர் குடிப்பெயர்களுட் பெரும்பாலன 'இச்' என முடிவன. இது குறுமைப் பொருள் உணர்த்தும் விகுதி. 'பேதர்' என்னும் இயற்பெயரோடு உடைமைப் பொருள் தரும் 'ஒவ்' என்பதும், அதன்மேல் 'இச்' என்பதும் கூடப் 'பெத்ரோவிச்' ஆகும். பேதருடைய மைந்தன் என்பது கருத்து. அவ்வாறே யோவானுடைய மைந்தன் யோவானோவிச். கொல்லன் மைந்தன் கோவாச்செவிச். குருவானவர் மைந்தன் போப்போவிச். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் ஊர்க்குருமார் இல்லறத்தாராதலின் இக்கடைசிப் பெயர் மிகுதியாக வழங்குகின்றது.

பண்டு இப்பெயர் தலைமுறைதோறும் மாறியது. மார்க்கோ என்பவனுடைய மகன் பேதர் எனின், அவன் பேதர் மார்க்கோவிச். அவன் மகன் யோவான் பெத்ரோவிச். அவன் மகன் நிக்கோலா யோவானோவிச். ஒரு கூரையின்கீழ் மூன்று தலைமுறைக்குள் மூன்று குடிப்பெயர்! 1851-ஆம் ஆண்டில் செர்பிய அரசாங்கம் குடிப்பெயரை மாறாது நிலைபெறச் செய்யுமாறு ஆணையிட்டது. அப்பொழுது ஒரு வீட்டார் தந்தை பெயரால் வழங்கிய பெயரையும், அவர் பங்காளிகள் பாட்டன் பெயரால் வழங்கிய பெயரையும் கொள்ளுதல் இயன்றது. ஆதலின் ஒரு பெயருடையார் அனைவரும் ஒரு குடியினர் ஆகார். வேறு பெயருடையார் அனைவரும் வேறு குடியினரும் ஆகார். இன்று யோவானோவிச் என்பது செர்பியாவில் மிகப் பரந்து வழங்கும் பெயர். அதனை உடையோர் எல்லாரும் ஒரே யோவானின் வழித்தோன்றல்கள் என எண்ணுதல் பேதைமையாம்.

இவ்வுண்மையை விளக்க மூவர் வரலாறு போதும். முதல்வர் செர்பிய மொழிக்குச் சீரிய எழுத்துமுறை வகுத்த வூக் ஸ்தெபானோவிச் கரஜிச் என்பார். இவர் 1787-இல் த்ர்ஷிச் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். 1818-இல் வியன்னா நகரில் தம் அகராதியை வெளியிட்டவர். இவர் பெயரின் மூன்று உறுப்புக்களும் மூன்று வாயில்களாகும். 'வூக்' என்றால் ஓநாய். முன் பிறந்த மக்கள் இறந்துபட, அடுத்துப் பிறந்த மகவைச் சூனியக்காரிகள் தீண்டாதிருக்க ஓநாயின் பெயரிடுதல் அந்நாட்டு வழக்கம். இவருக்கும் பெற்றோர் அக்கருத்தானே அப்பெயரிட்டனர். 'ஸ்தெபானோவிச்' தந்தையாகிய ஸ்தெபானைக் காட்டும். 'கரஜிச்' என்பதோ த்ரோப்ன்யாக் மலைநாட்டினின்று வந்த பழங்குடியின் பெயர். பெயரின் முதலுறுப்புப் பெற்றோர் அச்சத்தையும், இடையுறுப்புத் தந்தையையும், இறுதியுறுப்பு விட்டு வந்த நாட்டையும் அறிவிக்கின்றன.

இரண்டாமவர் 1815-ஆம் ஆண்டின் எழுச்சிக்குத் தலைமை பூண்டு செர்பியாவின் சிற்றரசரான மீலோஷ் ஒப்ரேனோவிச். பெயரை மட்டும் நோக்குவோர் இவர் ஒப்ரேன் என்பவனுடைய மகன் என்றே துணிவர். உண்மை அஃதன்று. இவர் தந்தை பெயர் தெயோதோர். இவர் அன்னையாகிய விஷ்ணியா முன்னர் ஒப்ரேன் என்பவனை மணந்து, மிலான் என்னும் மைந்தனைப் பெற்றாள். கணவன் இறந்தபின் தெயோதோரை மணந்து மீலோஷைப் பெற்றாள். மிலான் முதல் எழுச்சியிற் பெயர் பெற்ற தலைவனாய் விளங்கி 1810-இல் இறந்தான். தமையன் புகழைப் பற்றி மீலோஷ் அவன் குடிப்பெயரைத் தமதாக்கிக் கொண்டனர். இவ்வாறு 1903-ஆம் ஆண்டு வரை செர்பியாவில் அரசுரிமை கொண்டாடிய ஒரு மரபு, தன் குருதியிற் கலவாத ஒருவன் பெயரைத் தாங்கி நின்றது. இம்முடிச்சை அவிழ்ப்பது தாயின் பெயர் ஒன்றே.

மூன்றாமவர் கண்ணிழந்த பாணராகிய பிலிப் விஷ்ணிச். வூக் தொகுத்த நாட்டுப் பாடல்களுட் சிறந்தன சில இவர் பாடியன. இவருடைய தாய் பெயரும் விஷ்ணியா. அத்தாயின் பெயரே இவருக்குக் குடிப்பெயராயிற்று. தந்தை பெயரைக் கொண்டே இவர் குடியைத் தேடுவோன் வழி தவறுவான். தந்தைவழிப் பெயர்கள் நிறைந்த நாட்டிலும் தாய்மார் பெயர் இவ்வாறு ஆங்காங்கே தலைகாட்டுதல் ஆராய்வோன் மறவாது கொள்ளத்தக்கது.

நிற்க. பெயர் துணை செய்யாதவழி வேறு துணை யாது? செர்பியருக்கே உரிய ஒரு வழக்கம் இதற்கு விடை தருகின்றது. 'ஸ்லாவா' என்பது ஒவ்வொரு குடும்பமும் தன் காவலாகக் கொண்ட பரிசுத்தவானின் திருநாள். அன்று மெழுகுவர்த்தி ஏற்றி, கோதுமை அவித்து, அப்பம் செய்து, குருவானவரைக் கொண்டு ஆசி பெறுவர். இத்திருநாள் தந்தையினின்று மைந்தனுக்கு வழிவழி இறங்குவது. மணமான பெண் கணவன் வீட்டுத் திருநாளையே கொண்டாடுவாள். நாடு மாறலாம், பெயர் மாறலாம், ஸ்லாவா மாறுதல் அரிது. ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் இவ்வழக்கத்தை மக்கட் குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்துளது.

எனினும் இதனையும் அளவறிந்து கொள்ளல் வேண்டும். டிசம்பர் 19-இல் கொண்டாடப்பெறும் பரிசுத்த நிக்கோலாவின் நாள் எண்ணிறந்த குடும்பங்களுக்குப் பொதுவானது. அதனால் மட்டும் உறவு துணிதல் இயலாது. இரு குடும்பங்களின் ஸ்லாவா வேறாயின் அவை ஒரு குடி அல்ல என ஐயுறலாம். ஒன்றாயின் மேலும் ஆராய்தற்கு இடமுண்டு என்னும் அளவே கொள்ளத்தகும். மனைவி வீட்டிற் குடிபுகுந்த மருமகன் அவ்வீட்டு நிலத்தோடு அவ்வீட்டு ஸ்லாவாவையும் ஏற்றலும் உண்டு. அத்தகையான் இரண்டு திருநாள்களைக் கொண்டாடுவான். ஒரு வீட்டில் இரண்டு ஸ்லாவா காணின், அங்கே ஒரு பெண்வழி மறைந்துள்ளது என்று ஊகிக்கலாம்.

ஸ்லாவாவோடு ஒப்ப எண்ணத்தக்கது 'கூம்' எனப்படும் ஞானத் தந்தை முறை. ஒரு குடும்பத்துக் குழந்தைகளை ஞானஸ்நானத்தின்போது ஏந்தும் உரிமை மற்றொரு குடும்பத்தாரிடம் தலைமுறை தலைமுறையாக நிற்கும்; அவ்விரு குடும்பங்களும் தம்முட் கொள்வினை கொடுப்பினை செய்யா. பதிவேட்டில் தந்தையின் குடிப்பெயர் மாறிக்கொண்டே போயினும் ஞானத் தந்தையின் வீடு மாறாது வருமாயின், ஆராய்வோன் தான் அதே குடும்பத்தைப் பின்பற்றிச் செல்வதாகத் தேறலாம். மூன்றாவது துணை 'சித்தூல்யா' என்னும் இறந்தோர் பெயர்க் குறிப்பு. குருவானவர் வேண்டுதலில் நினைவு கூர்தற்பொருட்டு வீட்டார் தம் முன்னோர் பெயரை வரிசைப்பட எழுதி வைப்பர். அதில் ஆண்டு இராது, குடிப்பெயரும் இராது. ஆயினும் தாய்மார், மகளிர், இளமையில் மாண்ட மதலைகள் ஆகியோர் பெயரும் உடன் நிற்கும். அரசாங்கக் கணக்குகள் மறந்தோரை இச்சிறு தாள் மறவாது காக்கின்றது.

இனி ஊரைக் குறித்து ஒரு சொல். ஆவணக் களரி எதுவாயினும் அதன் கதவைத் திறக்கும் திறவுகோல் ஊர்ப்பெயரே. பனாத் நாட்டு இத்வோர் என்னும் சிற்றூரினின்று 1874-இல் அமெரிக்கா சென்று பெரும் பௌதிகப் பேராசிரியராய் விளங்கிய மிஹாய்லோ பூப்பின் என்பார், தம் பெயரின் நடுவே 'இத்வோர்ஸ்கி' எனத் தம் ஊரைச் சேர்த்தே எழுதினர். அவர்போல் எல்லாரும் செய்திருப்பாராயின் இன்று பேரப்பிள்ளைகள் அலைந்து திரிய வேண்டுவதில்லை. கடல் கடந்து சென்றோர் பலர் ஆஸ்திரிய-அங்கேரிப் பேரரசின் குடிகளாதலின், சுரங்கத்திலும் உருக்காலையிலும் வேலை செய்த ஊர்களில் ஆஸ்திரியர் என்றே குறிக்கப்பெற்றனர். 1899 முதல் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் இனம் குறித்தபோதும், பல்கேரியர், செர்பியர், மொந்தெநேக்ரோவர் ஆகிய மூவரையும் ஒரே தலைப்பில் அடக்கினர். ஆகவே அக்கரையில் தேடத் தொடங்குவோர் கப்பற் பட்டியலிலும், திருச்சபை ஏட்டிலும், கல்லறை எழுத்திலும் முதற்கண் ஊர்ப்பெயரையே நாடல் வேண்டும்.

ஊர் தெரிந்தபின் அடுத்து நோக்கற்பாலன திருச்சபைப் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், மரணம் என மூவகையாக இவை எழுதப்பெற்றன. ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த வடபகுதியில் 18-ஆம் நூற்றாண்டிலேயே இவை தொடங்கின. செர்பியச் சிற்றரசில் 1830-களின் பிற்பகுதியினின்றே ஒழுங்காக எழுதப்பெற்றன. குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நான நாள், தந்தையின் தொழில், பெற்றோர் பெயர், ஞானத் தந்தையின் பெயரும் ஊரும் ஆகியவற்றை இவற்றிற் காணலாம். சில பங்குகளில் வீடுவாரியாகக் குடும்பத்தினர் அனைவரையும் குறித்த ஏடுகளும் உள. அங்கேரி ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் 1895 அக்டோபர் 1 முதல் அரசாங்கமே பதிவை மேற்கொண்டது. அப்பதிவு அங்கேரி மொழியில் அமைந்தமையின் யோவான் 'யானோஷ்' எனவும், ஜோர்ஜே 'க்யோர்கி' எனவும் உருமாறினர். செர்பியாவில் 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பதிவு அரசாங்கத்தின் கடமையாயிற்று. பழைய திருச்சபை ஏடுகள் பல நகராட்சிப் பதிவாளர் கைக்கும், பின் ஆவணக் களரிகளுக்கும் சென்றன.

இவ்வேடுகளைப் படிப்போர் நாட்கணக்கில் விழிப்பாயிருத்தல் வேண்டும். செர்பியத் திருச்சபை பழைய யூலியன் பஞ்சாங்கத்தையே கைக்கொண்டது. அது புதிய பஞ்சாங்கத்திற்கு 18-ஆம் நூற்றாண்டில் 11 நாளும், 19-ஆம் நூற்றாண்டில் 12 நாளும், 20-ஆம் நூற்றாண்டில் 13 நாளும் பிற்படும். மின்னியல் அறிஞர் நிக்கோலா தெஸ்லா ஓர் ஆர்த்தடாக்ஸ் குருவானவரின் மைந்தர். அவர் பிறந்த நாள் பழங்கணக்கில் 1856 ஜூன் 28. நாம் நூல்களிற் படிக்கும் ஜூலை 10 என்பதும் அதே நாள்தான். இதனை அறியாதோர் ஒருவரை இருவராக எண்ணி மயங்குவர்.

பதிவேடுகளுக்கு அப்பாற் செல்வோர்க்கு அரசாங்கக் கணக்குகள் உதவும். பெல்கிரேடு நகரிலுள்ள செர்பிய அரசு ஆவணக் களரி 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்றது. அங்கே 1862-63-ஆம் ஆண்டுகளின் குடிக்கணக்கு ஏடுகளுள் எஞ்சியன காக்கப்பெறுகின்றன. வீட்டுத் தலைவன், உடனுறைவோர், வயது, தொழில், நிலபுலத்தின் மதிப்பு, வருவாய் ஆகியவை அவற்றிற் குறிக்கப்பெற்றுள. அக்காலத்தே சகோதரர் பலர் தம் மனைவி மக்களுடன் ஒன்றாக வாழ்ந்த 'ஸாத்ருகா' என்னும் கூட்டுக்குடும்பம் எங்கும் இருந்தமையின், ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறையைக் காணும் பேறு ஆராய்வோனுக்குக் கிட்டுகின்றது. அதற்கு முற்பட்டன 1830-களின் தலைவரிக் கணக்குகள். அவை வரிக்குரிய ஆடவரை மட்டுமே எண்ணின.

வடக்கே ஆஸ்திரியர் தம் எல்லையைக் காக்கச் செர்பியரைப் படைவீரராகக் குடியமர்த்தினர். அப்படைப் பிரிவுகளின் பட்டியல்கள் வியன்னாவிலுள்ள போர் ஆவணக் களரியில் உள. இன்னும் பின்னே செல்லின் துருக்கியர் எழுதிய 'தெப்தேர்' என்னும் வரிக்கணக்கு நம்மை எதிர்கொள்கின்றது. 1455-ஆம் ஆண்டில் கொசோவோவைச் சூழ்ந்த பிராங்கோவிச் நாட்டிற்கு எழுதப்பெற்ற கணக்கில் ஊர்தோறும் வீட்டுத் தலைவர் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. பெண்டிர் பெயர் அதிற் காண்டல் அரிது. கணவனை இழந்து தானே குடும்பம் தாங்கும் கைம்பெண் மட்டும் வரி செலுத்த வேண்டியவளாதலின் இடம் பெறுகின்றாள். அதனினும் பழையது 1330-இல் மன்னர் ஸ்தெபான் தெச்சான்ஸ்கி தாம் எடுத்த தெச்சானி மடத்திற்கு வழங்கிய தானசாசனம். மடத்திற்கு ஈந்த ஊர்களிலிருந்த உழவர், இடையர் பெயர்கள் அதில் நிரல்பட உள. ஆயின் குடிப்பெயர் நிலையாக் காலத்தனவாகிய இவ்வாவணங்களை இன்றைய ஒரு குடும்பத்தோடு நேரே இணைத்தல் அரிதினும் அரிது.

ஏட்டில் இல்லாதவற்றை நாவிலிருந்து தொகுத்த பெருமை புவியியற் பேராசிரியர் யோவான் த்ஸ்வியிச் என்பாரைச் சாரும். 1865-இற் பிறந்து 1927-இல் மறைந்த இவர், வினாநிரல் ஒன்று வகுத்துத் தம் மாணாக்கரையும் ஆசிரியர்களையும் ஊரூராக அனுப்பினர். இவ்வூரில் எத்தனை வீடுகள், எக்குடி முதலில் வந்தது, எங்கிருந்து வந்தது, எதனால் வந்தது, அதன் ஸ்லாவா யாது என வினவி எழுதிய தொகுதிகள் 1902 முதல் வெளிவந்தன. பஞ்சத்தாலும், பழிக்கு அஞ்சியும், வரிக்கொடுமை பொறாதும் பெயர்ந்து வந்த குடிகளின் வரலாறு இவற்றில் ஊர்தோறும் விரிந்து கிடக்கின்றது. செர்பியக் குடிவழி ஆராய்வோர் இன்றும் முதற்கண் கையில் எடுப்பன இத்தொகுதிகளே.

இத்துணை இருந்தும் இடைவெளிகள் பல. இரு உலகப் போர்களிலும் பல பதிவேடுகள் எரிந்தன. 1941 ஏப்ரல் 6-இல் பெல்கிரேடின்மேல் விழுந்த குண்டுகளால் நாட்டு நூலகம் தீக்கிரையாயிற்று. ஆயிரத்திற்கு மேற்பட்ட பழஞ்சுவடிகள் ஒருங்கே மறைந்தன. ஏடு எரிந்த இடத்திற் கல் பேசுகின்றது. மேற்குச் செர்பியாவிற் பாதையோரங்களிற் 'கிரைபுத்தாஷி' எனப்படும் நினைவுக் கற்கள் நிற்கின்றன. வேற்றிடத்துப் போரில் மடிந்து, உடலும் ஊர் சேராத வீரர்க்கு உற்றார் நட்டவை அவை. வழிச்செல்வோனை விளித்து, இன்னான் மகன், இன்ன ஊரான், இத்தனை வயதினன், இன்ன இடத்தில் மாண்டான் என அறிவிக்கும் அக்கற்களுள் சில, ஒரு குடும்பத்தைப் பற்றி எஞ்சிய ஒரே ஆவணமாகவும் அமையக்கூடும்.

இறுதியாக ஒன்று கூறி முடிக்கின்றோம். தம் குலம் கொசோவோப் போரில் வீழ்ந்த பெருந்தலைவர் வழிவந்தது என்று கூறிக்கொள்ளும் குடும்பங்கள் பல. அக்கூற்றுக்கு ஆவணச் சான்று காட்டல் மிக அரிது. தேடுவோர் பெரும்பாலும் காண்பது, பஞ்சத்திற்கு அஞ்சி மலையிறங்கிய ஓர் இடையனையும், இருமுறை மணந்து இரு குடிகளை வளர்த்த ஒரு பெண்ணையும், வந்தேறிய ஊரில் மாமனார் நிலத்தை உழுத ஒரு மருமகனையுமே. ஏமாற்றமடைந்து இவ்விடத்தே ஏட்டை மூடுவோரும் உளர். விரும்பிய பெயரை நடுவே செருகி, அறுந்த இழையை முடிச்சிடுவோரும் உளர். பின்னோர் செயல் முன்னோர்க்கு இழைக்கும் தீங்காகும். பெருமைக்காக ஒரு பொய்ப் பாட்டனை ஏற்றிக்கொள்வோர் மெய்ப்பாட்டனை இரண்டாம் முறை புதைக்கின்றனர். குருதித் தூய்மை பேசிப் பகை வளர்த்துத் துயருற்ற அந்நிலத்தில், எக்குடியும் பெயர்ந்து வந்த குடியே என்றும், பல பெயர் பூண்ட குடியே என்றும் ஆவணங்கள் அமைதியாகச் சான்று பகர்கின்றன. அச்சான்றை உள்ளவாறே ஏற்று, தெரிந்ததைத் தெரிந்த அளவில் எழுதி, தெரியாத இடத்தை வெற்றிடமாகவே விட்டுவைப்பவரே தம் முன்னோர்க்குச் செய்யும் கடனை முற்றச் செய்தவராவர்.